மதிப்பு அட்டவணையைக் கொண்டு சார்பு ஏறும் இடைவெளியைக் காணுதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஓர் இடைவெளியில் எந்த இரண்டு உள்ளீடுகளை எடுத்துக்கொண்டாலும் பெரிய உள்ளீட்டுக்குப் பெரிய மதிப்பே கிடைக்குமானால், அந்தச் சார்பு அவ்விடைவெளியில் ஏறுகிறது என்கிறோம். இவ்வரையறை இடைவெளியிலுள்ள எண்ணற்ற உள்ளீடுகளுக்கும் பொருந்தியாக வேண்டும். அட்டவணையோ அவற்றுள் ஐந்தாறை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. எனவே அட்டவணையில் ஓரிடத்தில் மதிப்பு இறங்கிவிட்டாலே, சார்பு அவ்விடைவெளி முழுவதும் ஏறவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லா வரிசைகளிலும் மதிப்பு ஏறினாலும், சார்பு ஏறுகிறது என்பதற்கு அட்டவணை மட்டும் சான்றாகாது. சார்பைப் பற்றி வேறு ஏதேனும் ஓர் உண்மை உடன் தேவைப்படுகிறது. கீழே விளக்கப்படும் பிழைகளில் சில வெறும் கணக்கீட்டுத் தவறுகள். கடினமானவை அனைத்தும் இந்த வரம்பைக் கவனிக்காததால் வருபவை.

உள்ளீட்டை ப என்றும் சார்பின் மதிப்பை ச(ப) என்றும் குறிப்போம். உள்ளீடுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, அதில் அடுத்த மதிப்பிலிருந்து இந்த மதிப்பைக் கழித்து வரும் வேறுபாட்டை எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்ற இறக்கத்தை அறிய அந்த வேறுபாட்டின் குறியே போதும். உள்ளீடுகள் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருந்தால் எல்லாக் குறிகளும் தலைகீழாகிவிடும் என்பதால், வேறெதையும் சோதிப்பதற்கு முன் இதைச் சோதித்துவிடுவது நல்லது.

அறிகுறி: ப² போன்ற எளிய சார்பே தொடக்கம் முதல் இறுதி வரை ஏறுவதாகத் தெரிகிறது

−3 முதல் 3 வரையிலான அட்டவணையில் −9, −4, −1, 0, 1, 4, 9 என்று மதிப்புகள் வந்திருந்தால், குறை எண்ணை அடைப்புக்குறி இல்லாமல் கால்குலேட்டரில் இட்டிருக்கிறீர்கள். கழித்தல் குறி, 3, வர்க்கம் என்று வரிசையாக அழுத்தும்போது, பெரும்பாலான அறிவியல் கால்குலேட்டர்கள் முதலில் 3-ஐ வர்க்கப்படுத்திவிட்டுப் பிறகே கழித்தல் குறியைச் சேர்க்கின்றன. −3-ஐ அடைப்புக்குறிக்குள் இட்டு வர்க்கப்படுத்தினால் 9 வரும். மதிப்புகள் 9, 4, 1, 0, 1, 4, 9 என்று மாறி, சார்பு சுழி வரை இறங்கி அதன் பின் ஏறுவது புலப்படும். கால்குலேட்டரின் அட்டவணை வசதியைப் பயன்படுத்துவோருக்கு இச்சிக்கல் வருவதில்லை, ஏனெனில் அங்கே மாறிக்குப் பதிலாக எண்ணைப் பிரதியிடும் வேலையைக் கருவியே சரியாகச் செய்துவிடுகிறது.

எக்செல் விரிதாளில் இதற்கு நேர்மாறான பிழை நேர்கிறது. −ப² என்ற சார்புக்காகச் சமக்குறி, கழித்தல் குறி, செல்லின் பெயர், அடுக்குக்குறி, 2 என்று எழுதினால், எக்செல் முதலில் கழித்தல் குறியை எண்ணோடு சேர்த்துவிட்டு அதன் பிறகே வர்க்கப்படுத்துகிறது. அதனால் குன்றாக வரவேண்டிய வளைவரை பள்ளமாக வருகிறது. ஏறும் இடைவெளியும் இறங்கும் இடைவெளியும் இடம் மாறிவிடுகின்றன. அடுக்குக்குறியோடு கூடிய பகுதியைத் தனி அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு வெளியே கழித்தல் குறியை இட்டால் சரியாகிவிடும். இரண்டு பிழைகளுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு: ப-க்கு −1 எனக் கொண்டு ஒரு வரிசையைக் கையால் கணக்கிட்டு, அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: சைன் சார்பு சீராக ஏறிக்கொண்டே போகிறது

1, 2, 3, 4 என்ற உள்ளீடுகளுக்கு 0.0175, 0.0349, 0.0523, 0.0698 என்று ஏறக்குறைய சம அளவில் மதிப்புகள் கூடிக்கொண்டே போனால், கால்குலேட்டர் டிகிரி மோடில் இருக்கிறது. ரேடியனில் வரவேண்டிய மதிப்புகள் 0.8415, 0.9093, 0.1411, −0.7568 ஆகும். இந்த எண்களின்படி உச்சம் 1-க்கும் 3-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது; அது உண்மையில் π/2, அதாவது 1.5708-இல் உள்ளது. விரிதாள்கள் ரேடியனையே எதிர்பார்ப்பதால், அங்கே 30, 60, 90 என்று கோணங்களை அப்படியே இட்டவர்களுக்கு சரியான மதிப்புகளோடு பொருந்தாத அட்டவணை கிடைக்கும்.

அறிகுறி: எல்லா வேறுபாடுகளும் சுழியாகவே வருகின்றன

விரிதாளில் சூத்திரத்தைக் கீழே இழுத்து நகலெடுக்கும்போது செல்லின் பெயரில் வரிசை எண்ணுக்கு முன் டாலர் குறி இருந்தால், ஒவ்வொரு வரிசையும் அதே உள்ளீட்டையே திரும்பத் திரும்பப் படிக்கும். டாலர் குறியை நீக்கிவிட்டு மீண்டும் நகலெடுங்கள். சூத்திரத்தில் தவறு ஏதும் இல்லாமலேயே வேறுபாடுகள் சுழியாக வந்தால் காரணம் வேறு. அது அடுத்த பகுதியில் வருகிறது.

அறிகுறி: அட்டவணையில் எல்லா மதிப்புகளும் ஏறுகின்றன, ஆனால் சரியான விடையில் இறங்கும் இடைவெளி ஒன்று உள்ளது

இதுவே இப்பொருளின் மையச் சிக்கல். ச(ப) = 4ப³ − 3ப என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். −2, −1, 0, 1, 2 ஆகிய உள்ளீடுகளுக்கு முறையே −26, −1, 0, 1, 26 என்ற மதிப்புகள் கிடைக்கின்றன. வேறுபாடுகள் 25, 1, 1, 25. எல்லாமே மிகை எண்கள். இதைப் பார்த்து, சார்பு எல்லா இடத்திலும் ஏறுகிறது என்று எழுதத் தோன்றுவது இயல்பே. படி அளவை, அதாவது அடுத்தடுத்த உள்ளீடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை, பாதியாக்கிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது:

| ப | ச(ப) | அடுத்த மதிப்போடு வேறுபாடு |
|---|---|---|
| −2 | −26 | 17 |
| −1.5 | −9 | 8 |
| −1 | −1 | 2 |
| −0.5 | 1 | −1 |
| 0 | 0 | −1 |
| 0.5 | −1 | 2 |
| 1 | 1 | 8 |
| 1.5 | 9 | 17 |
| 2 | 26 | |

முதல் அட்டவணை எந்த எண்ணையும் தவறாகக் காட்டவில்லை. −1-இல் −1, 0-இல் 0 என்பவை உண்மையான மதிப்புகளே. அவ்விரண்டுக்கும் நடுவில் சார்பு 1 வரை ஏறி மீண்டும் சுழிக்கு இறங்கியது மட்டும் அதன் கண்ணில் படவில்லை. கோசைன் மும்மடங்குக் கோண வாய்பாட்டை அறிந்தவர்களுக்கு இக்கோவை பழக்கமானதுதான். −1 முதல் 1 வரையிலான சிறு பரப்புக்குள் இவ்வளவு அலைவை அது ஒளித்து வைத்திருப்பதில் வியப்பும் இல்லை.

படி அளவைப் பாதியாக்கினால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ச(ப) = சைன்(2πப) என்ற சார்புக்குச் சுழியிலிருந்து தொடங்கிப் படி அளவை 1 என்று எடுத்தாலும் 0.5 என்று எடுத்தாலும் எல்லா மதிப்புகளும் சுழியாகவே வரும். சைன்(ப)-ஐ ரேடியனில் 6, 12, 18, 24, 30 என்று ஆறு ஆறாகக் கணக்கிட்டால் −0.2794, −0.5366, −0.7510, −0.9056, −0.9880 என்று நிதானமாக இறங்கும் சார்பைப் போல அது காட்சியளிக்கும். 6 என்பது 2π-க்கு மிக அருகில் இருப்பதால், ஒவ்வொரு முறையும் அலையின் ஏறக்குறைய அதே இடத்தையே தொட்டுச் செல்கிறோம். ஆகவே அலைவுறும் சார்புகளுக்குப் படி அளவு, அலைவுக் காலத்தை (அலை ஒருமுறை முழுதாகத் திரும்ப வரும் உள்ளீட்டுத் தூரத்தை) காட்டிலும் மிகச் சிறியதாகவும், அதை மிச்சமின்றி வகுக்காத எண்ணாகவும் இருப்பது நல்லது. மேற்கண்ட சைன்(2πப)-க்கு 0.3 என்ற படி அளவே உண்மையை உடனே வெளிப்படுத்திவிடும்.

எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்குப் பல்லுறுப்புக்கோவைகளில் தெளிவான விடை உண்டு. படி எண் (ப-இன் மிகப் பெரிய அடுக்கு) 3 உள்ள கோவைக்கு அதிகபட்சம் இரண்டு திரும்பு புள்ளிகளும் (ஏற்றம் இறக்கமாகவோ இறக்கம் ஏற்றமாகவோ மாறும் இடங்களும்), படி எண் 4 உள்ளதற்கு அதிகபட்சம் மூன்றும், பொதுவாகப் படி எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையும்தான் இருக்க முடியும். அத்தனை திரும்பு புள்ளிகளையும் அட்டவணையில் கண்டுவிட்டால், ஒளிந்திருக்க வேறு எதுவும் இல்லை என்று துணிந்து சொல்லலாம். மேலே இரண்டாவது அட்டவணையில் இரண்டு குறிமாற்றங்கள் தெரிகின்றன. முப்படிக் கோவைக்கு அதுவே உச்ச வரம்பு. முதல் அட்டவணையில் எதுவுமே தெரியாதபோது நிலைமை ஐயத்துக்குரியது, ஏனெனில் முப்படிக் கோவைக்குத் திரும்பு புள்ளிகள் இரண்டு இருக்கும் அல்லது ஒன்றுமே இராது. இதற்கு விரைவான சோதனை: ப²-இன் கெழுவின் வர்க்கம், ப³-இன் கெழுவையும் ப-இன் கெழுவையும் பெருக்கி வருவதன் மூன்று மடங்கைவிடப் பெரியதாக இருந்தால் இரண்டு திரும்பு புள்ளிகள் உண்டு. இங்கே ப²-இன் கெழு 0; மற்றவை 4, −3; சுழி என்பது −36-ஐவிடப் பெரியது. எனவே முதல் அட்டவணையைப் போட்டு முடித்த உடனேயே, எதையோ தவறவிட்டோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வகையிடல் படித்தவர்களுக்கு இதைவிடச் செம்மையான வழி இருக்கிறது. வகைக்கெழு (ஒவ்வொரு புள்ளியிலும் சார்பு மாறும் வேகம்) 12ப² − 3, இது −0.5-இலும் 0.5-இலும் சுழியாகிறது. தொடர்ச்சியான சார்பு ஒன்று சுழியைக் கடக்காமல் குறி மாற முடியாது என்பதால், இப்புள்ளிகள் பிரிக்கும் மூன்று பகுதிகளிலும் பகுதிக்கு ஓர் எண்ணைச் சோதித்தாலே போதும்: −1-இல் வகைக்கெழு 9, 0-இல் −3, 1-இல் 9. இதுவும் மூன்றே வரிசைகள் கொண்ட அட்டவணைதான். ஆனால் ஒவ்வொரு வரிசையும் ஒரு முழு இடைவெளிக்காகப் பேசும் தகுதி பெற்றது. மதிப்பு அட்டவணையின் வரிசைகளுக்கு அந்தத் தகுதி கிடையாது.

அறிகுறி: அடுத்தடுத்த இரண்டு மதிப்புகள் சமமாக உள்ளன

ச(ப) = ப³ − 6ப² + 5ப என்ற சார்புக்கு 0 முதல் 5 வரையான முழு எண்களில் மதிப்புகள் 0, 0, −6, −12, −12, 0. இதில் 0-க்கும் 1-க்கும் இடையில் சார்பு மாறிலியாக இருக்கிறது என்றும், 3-க்கும் 4-க்கும் இடையில் அப்படியே என்றும் எழுதிவிடுகிறார்கள். மாறிலி அல்லாத பல்லுறுப்புக்கோவை எந்த இடைவெளியிலும் மாறிலியாக நிற்காது. இரண்டு முனைகளிலும் சம மதிப்பு இருந்தால், நடுவில் ஓரிடத்திலாவது வகைக்கெழு சுழியாக வேண்டும் என்கிறது ரோலின் தேற்றம். ஆகவே சமமான மதிப்புகள், திரும்பு புள்ளி அங்கேதான் இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டுகின்றன. நடுப்புள்ளிகளைக் கணக்கிட்டால் 0.5-இல் 1.125, 3.5-இல் −13.125. முதல் இடைவெளியில் பெருமமும் இரண்டாவதில் சிறுமமும் உள்ளன. முப்படிக் கோவைக்கு இரண்டு திரும்பு புள்ளிகளும் கிடைத்துவிட்டதால் தேடல் முடிந்தது. அவற்றின் துல்லியமான இடம் மட்டுமே பாக்கி.

அறிகுறி: உச்சத்தின் இடத்தைத் துல்லியமாக்க முயன்றால் மதிப்புகள் ஒன்றுபோலவே வருகின்றன

மேற்கண்ட சார்பின் பெருமத்தை நெருங்கி, 0.01 என்ற படி அளவில் இரண்டு தசமத் திருத்தமாக அட்டவணை போட்டால், 0.45 முதல் 0.50 வரை ஆறு வரிசைகளிலும் 1.13 என்றே வருகிறது. கால்குலேட்டர் பழுதடையவில்லை. உச்சத்துக்கு அருகே சார்பின் மதிப்பு, உச்சத்திலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பவே குறைகிறது, தொலைவு 0.01 என்றால் குறைவு 0.0005 அளவுக்கே இருக்கும். இதன் விளைவு கசப்பானது: மதிப்புகளை ஆறு தசமத் திருத்தமாக வைத்துக்கொண்டாலும், உச்சத்தின் இடம் ஏறக்குறைய மூன்று தசமம் வரைதான் உறுதியாகும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, இடைநிலையில் எந்த எண்ணையும் தோராயமாக்காமல், கருவி தரும் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொள்வது, அப்போது 0.47-இல் 1.128423 என்றும் 0.48-இல் 1.128192 என்றும் வேறுபாடு தெரியும். இரண்டாவது, வகைக்கெழுவின் அட்டவணைக்கு மாறிவிடுவது. 3ப² − 12ப + 5 என்ற வகைக்கெழு 0.47-இல் 0.0227 என்றும் 0.48-இல் −0.0688 என்றும் வருகிறது. மதிப்புகளில் நான்காவது தசமத்தில்தான் தென்பட்ட மாற்றம், இங்கே குறிமாற்றமாகவே வெளிப்படுகிறது. திரும்பு புள்ளி 0.47-க்குச் சற்று மேலே, 0.4725 அருகில் உள்ளது. நான் இரண்டாவது தீர்வையே பரிந்துரைப்பேன். முதல் தீர்வு இலக்கங்களை நம்பியிருக்கிறது, இலக்கங்களோ விரைவில் தீர்ந்துவிடும்.

அட்டவணையில் தெரியும் மிகப்பெரிய மதிப்பின் உள்ளீட்டையே உச்சத்தின் இடமாக எழுதிவிடுவதும் இதோடு சேர்ந்து வரும் தவறாகும். 1, 2, 3 ஆகிய உள்ளீடுகளில் நடுவிலுள்ளதன் மதிப்பு பெரிது என்றால், தொடர்ச்சியான சார்புக்கு 1-க்கும் 3-க்கும் இடையில் ஓர் உச்சம் உண்டு என்பதே தெரிகிறது. அது 2-இன் இடப்புறமா வலப்புறமா என்பதை இன்னும் அறியோம். எனவே அடுத்த அட்டவணையை 2 முதல் 3 வரை மட்டும் போடாமல், 1 முதல் 3 வரை முழுவதற்கும் போட வேண்டும்.

அறிகுறி: பெரிய மிகை மதிப்பிலிருந்து திடீரெனப் பெரிய குறை மதிப்புக்குத் தாவுகிறது

ச(ப) = −1/ப என்ற சார்புக்கு −1.5, −0.5, 0.5, 1.5 ஆகிய உள்ளீடுகளில் மதிப்புகள் 0.667, 2, −2, −0.667. வேறுபாட்டு நெடுவரிசை மிகை, குறை, மிகை என்று வருவதால், −0.5-க்கும் 0.5-க்கும் இடையில் சார்பு இறங்குவதாகவும் அங்கே திரும்பு புள்ளிகள் இருப்பதாகவும் எழுதத் தோன்றும். உண்மையில் சுழியில் சார்பு வரையறுக்கப்படவே இல்லை. அதன் இருபுறமும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அட்டவணையின் உள்ளீடுகள் சுழியைத் தாண்டிக் குதித்துவிட்டதால் பிழைச் செய்தியும் வரவில்லை. அட்டவணை போடும் முன்பே, பின்னத்தின் பகுதி (கீழெண்) எந்த உள்ளீட்டில் சுழியாகிறது என்று பார்த்து, அவ்விடங்களில் சார்பகத்தை (சார்பு ஏற்கும் உள்ளீடுகளின் தொகுப்பை) வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அட்டவணை போட வேண்டும். டேன் சார்பையும் 90 டிகிரியின் இருபுறமும் இவ்வாறே கையாள வேண்டும்.

விடையை எழுதும்போது மற்றொரு கண்ணி காத்திருக்கிறது. சுழிக்கு இடப்புறம் ஏறுகிறது, வலப்புறமும் ஏறுகிறது என்பதால், இரண்டு இடைவெளிகளின் சேர்ப்பில் சார்பு ஏறுகிறது என்று எழுதினால் அது தவறு: −1-இல் மதிப்பு 1, 1-இல் மதிப்பு −1, பெரிய உள்ளீட்டுக்குச் சிறிய மதிப்பு வந்துவிட்டது. சார்பு தொடர்ச்சியாக இருந்தாலும் இது பொருந்தும். முன்னர்க் கண்ட 4ப³ − 3ப என்பது −0.5 வரை ஏறுகிறது, 0.5-க்குப் பிறகும் ஏறுகிறது, ஆனால் −0.5-இல் 1 ஆக இருக்கும் மதிப்பு 0.6-இல் −0.936 ஆகிறது. இவ்விடைவெளிகளைச் சேர்ப்புக் குறியால் இணைக்காமல், ‘மற்றும்’ என்ற சொல்லால் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

அறிகுறி: ஏறும் இடத்தை இறங்குவதாக எழுதிவிடுகிறோம்

ப-இன் வர்க்கமூலத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்புகள் 0, 1, 1.414, 1.732, 2, வேறுபாடுகள் 1, 0.414, 0.318, 0.268. வேறுபாடுகள் சுருங்குவதைப் பார்த்துச் சார்பு இறங்குகிறது என்று எழுதுவது தவறு. வேறுபாடு மிகை எண்ணாக இருக்கும் வரை சார்பு ஏறுகிறது. வேறுபாடு சுருங்குவது ஏற்றத்தின் வேகம் குறைவதை மட்டுமே உணர்த்தும். மதிப்புகள் குறை எண்களாக இருப்பதும் சிலரைக் குழப்புகிறது: −12-இலிருந்து −6-க்குச் செல்வது ஏற்றமே. படி அளவுகள் சமமாக இல்லாதபோதும் வேறுபாட்டின் குறி நம்பத்தக்கதுதான். வேகங்களை ஒப்பிட வேண்டுமானால் மட்டும் ஒவ்வொரு வேறுபாட்டையும் அதற்குரிய படி அளவால் வகுக்க வேண்டும்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, விடை மட்டும் தவறு

பெரும்பாலும் இடைவெளியை மதிப்பு நெடுவரிசையிலிருந்து எடுத்து எழுதியிருப்பீர்கள். ஏறும் இடைவெளி எப்போதும் உள்ளீடுகளால் குறிக்கப்படும். 0.5 முதல் 2 வரை ஏறுகிறது என்பது சரி; −1 முதல் 26 வரை ஏறுகிறது என்பது அதே பகுதியின் மதிப்புகளைக் குறிக்கிறது.

அடைப்புக்குறியின் வகையிலும் மதிப்பெண் போகலாம். தொடக்கத்தில் கூறிய வரையறையின்படி ப² என்ற சார்பு சுழியையும் உள்ளடக்கிய இடைவெளியில் ஏறுகிறது. வகைக்கெழு மிகையாக இருக்கும் இடம் என்று வரையறுத்தால் சுழி விலக்கப்பட்டுத் திறந்த இடைவெளி வருகிறது. பாடநூல்கள் இரண்டு வழக்குகளையும் பின்பற்றுகின்றன. உங்கள் நூல் எதைக் கொள்கிறதோ அதையே எழுதுங்கள். இரண்டாம் வழக்கில் ஒரு சிறு எச்சரிக்கை: ப³-இன் வகைக்கெழு சுழியில் சுழியாகிறது, ஆயினும் சார்பு அங்கே தயங்காமல் ஏறிச் செல்கிறது, வகைக்கெழு சுழியாவதாலேயே அவ்விடத்தில் இடைவெளியை உடைக்கத் தேவையில்லை.

அறிகுறி: சூத்திரமே இல்லை, அட்டவணை மட்டுமே தரப்பட்டுள்ளது

அப்போது படி அளவைக் குறைக்க வழியில்லை. வினாவில் உடன் தரப்பட்டுள்ள வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். காட்டிய இடங்களைத் தவிர வேறெங்கும் சார்பு திரும்பவில்லை என்று கூறியிருந்தால், குறிமாற்றங்களைக் கொண்டு இடைவெளிகளை நேரடியாக எழுதலாம். சார்பு வகையிடத்தக்கது என்று மட்டும் கூறியிருந்தால், இலக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றத்தின்படி, மதிப்பு ஏறிய இரண்டு உள்ளீடுகளுக்கு இடையில் ஏதோ ஓரிடத்தில் வகைக்கெழு மிகையாக உள்ளது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது. எதுவுமே கூறப்படவில்லை என்றால், ‘தரப்பட்ட உள்ளீடுகளில் 1 முதல் 3 வரை மதிப்பு ஏறுகிறது’ என்பது போல அட்டவணையின் எல்லைக்குள் நிற்கும் வாக்கியத்தையே விடையாக எழுத வேண்டும்.